வீட்டுத் தோட்டத்தில் விதையில்லாத் திராட்சை

"கொடி நன்றாகத் தழைத்திருக்கிறது. பந்தல் கொள்ளவில்லை. ஆனால் ஐந்து ஆண்டுகளாக ஒரு குலைகூடத் தள்ளவில்லை." விதையில்லாத் திராட்சையை வீட்டில் நட்டவர்கள் கூறும் குறை பெரும்பாலும் இதுதான். கொடியில் மலட்டுத்தன்மை இருக்குமோ என்று ஐயுற்று வெட்டி எறிந்தவர்களும் உண்டு.

கோவையை அடுத்த ஓர் ஊரில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டுக் கொடியைப் பார்க்க நேர்ந்தது. தாம்சன் விதையில்லாத் திராட்சை. அடித்தண்டு கைப்பிடிப் பருமன். இலையில் பசுமைக்குக் குறைவில்லை. முதலில் நானும் சாம்பல் சத்துக் குறைவாக இருக்கலாம் என்று கருதிப் பொட்டாஷ் இடச் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த ஆண்டும் அதே நிலைதான். பிறகுதான் கவாத்து யார் செய்கிறார்கள் என்று கேட்கத் தோன்றியது. பன்னீர்த் திராட்சைத் தோட்டங்களில் கவாத்துச் செய்து பழகிய ஒருவர் வந்து, ஆண்டுதோறும் எல்லாக் குச்சிகளையும் அடியில் இரண்டு மூன்று மொட்டுகளை மட்டும் விட்டு ஒட்ட நறுக்கிவிட்டுப் போயிருக்கிறார். காய்க்க வேண்டிய மொட்டுகள் அத்தனையும் குப்பைக் குழிக்குப் போயிருந்தன! மறு கவாத்தில் குச்சிகளை நீளமாக விட்டோம். அந்தக் கோடையில் அதே கொடி பதினெட்டுக் குலைகள் கொடுத்தது.

ஆகவே, இக்கட்டுரையில் கவாத்துக்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன். மற்றவை பன்னீர்த் திராட்சைக்கும் பொதுவானவையே.

மொட்டு எங்கே இருக்கிறது?

திராட்சையில் முற்றிய குச்சியின் ஒவ்வொரு கணுவிலும் ஒரு மொட்டு இருக்கும். சில மொட்டுகளிலிருந்து வெறும் தளிர் மட்டும் வரும். சிலவற்றிலிருந்து வரும் தளிரில் குலையும் சேர்ந்து வரும். பன்னீர் இரகத்தில் குச்சியின் அடிப்பகுதி மொட்டுகளே காய்க்கும் தன்மை உடையவை. அதனால் நான்கு மொட்டு விட்டுக் கவாத்துச் செய்தாலும் விளைச்சல் கிடைக்கிறது. தாம்சன் போன்ற விதையில்லா இரகங்களில் அடியில் உள்ள நான்கைந்து மொட்டுகள் பெரும்பாலும் தளிரை மட்டுமே தரும். குலை தரும் மொட்டுகள் அதற்கு மேலே, ஐந்தாவது கணுவிலிருந்து பத்துப் பன்னிரண்டாவது கணு வரையில் அமைந்திருக்கின்றன.

இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். இந்த ஆண்டு காய்க்கப் போகும் குலை, இந்த ஆண்டு உருவானதன்று. குச்சி வளரத் தொடங்கிய 40 முதல் 60 நாட்களில், மொட்டு கடுகு போல இருக்கும்போதே, அதனுள் குலையா அல்லது வெறும் பற்றுக்கம்பியா என்பது முடிவாகிவிடுகிறது. குலையும் பற்றுக்கம்பியும் ஒரே உறுப்பின் இரு வடிவங்கள்தாம். இரண்டும் இலைக்கு எதிர்ப்புறத்திலேயே தோன்றுவதைக் கொடியில் பார்த்திருப்பீர்கள். அந்த நாட்களில் குச்சியின் மேல் நல்ல வெயில் பட வேண்டும். பந்தலில் இலை அடர்ந்து இருட்டாக இருந்தாலோ, யூரியாவும் நீரும் மிகுந்து கொடி வெறிகொண்டு வளர்ந்தாலோ, குலையாக வேண்டியது பற்றுக்கம்பியாகப் போய்விடும். உரம் இட இட இலைதான் பெருகுகிறது என்று சிலர் வியப்பதற்குக் காரணம் இதுவே.

இரகம்

தாம்சன் விதையில்லா இரகத்துக்கு ஊருக்கு ஒரு பெயர் உண்டு. ஈரான், ஆப்கானிஸ்தான் பகுதிகளில் கிஷ்மிஷ் என்றும், துருக்கியில் சுல்தானா என்றும் வழங்குகிறது. 1870களில் கலிபோர்னியாவில் வில்லியம் தாம்சன் என்பவர் இதை வளர்த்துப் பரப்பியதால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. கடையில் வாங்கும் உலர் திராட்சை பெரும்பாலும் இதன் பழத்திலிருந்து கிடைப்பதே. மகாராஷ்டிரத்தில் பயிராகும் தாஸ்-ஏ-கணேஷ், சோனாகா ஆகியவை இதிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டவை. சரத் விதையில்லா இரகம் கறுப்பு நிறம். அதுவும் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர்ப் பகுதியில் தோன்றியது. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், பிளாக் சம்பா என்னும் இரகத்தைத் தாம்சனுடன் கலப்புச் செய்து அர்க்கா நீலமணி என்ற கறுப்பு நிற விதையில்லா இரகத்தை வெளியிட்டுள்ளது. பறவைக்கண் நோயை ஓரளவு தாங்குவதால் வீட்டுக்கு இது ஏற்றது.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். விதையில்லா இரகங்கள் வறண்ட காற்றையும் வெயிலையும் விரும்புபவை. கோவை, திருப்பூர், திண்டுக்கல், தேனி, கிருஷ்ணகிரி போன்ற உள் மாவட்டத்தினர் துணிந்து நடலாம். வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் கடலோர மாவட்டத்தினருக்கு என் யோசனை பன்னீர்த் திராட்சையே. விதை இருந்தால் என்ன? மணத்தில் அதற்கு ஈடு இல்லை. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

நாற்று வாங்கும்போது ஏமாற வேண்டாம். விதையில்லா இரகத்தைக் குச்சியிலிருந்தோ ஒட்டுக்கட்டியோதான் வளர்க்க முடியும். காய்க்கும் கொடியை நேரில் பார்த்து, கவாத்தின்போது விழும் முற்றிய குச்சிகளைக் கேட்டு வாங்குவது மிக நல்லது. பென்சில் பருமனில் நான்கைந்து கணுக்கள் உள்ள துண்டுகளாக நறுக்கி, இரு கணுக்கள் மண்ணுக்கு மேல் இருக்குமாறு மணலும் மக்கிய எருவும் கலந்த பைகளில் ஊன்றி, நிழலில் வைத்து ஈரம் காயாமல் காத்து வந்தால் வேர் பிடித்துவிடும். தண்ணீர் சற்று உப்பாக உள்ள இடங்களில் டாக்ரிட்ஜ் என்ற வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய நாற்றுகளையே வாங்குங்கள்.

இடமும் நடவும்

நாள் முழுவதும், குறைந்தது ஏழெட்டு மணி நேரம், வெயில் விழும் இடமாக இருக்க வேண்டும். மாமரத்து நிழலிலும் வடக்குச் சுவரோரத்திலும் நட்டுவிட்டுக் காய்ப்புக்குக் காத்திருப்பதில் பயனில்லை. தரையில் வெயில் இல்லாத நகர்ப்புற வீடுகளில், வேர் தரையிலும் பந்தல் மொட்டை மாடியிலுமாக அமைக்கலாம். ஒற்றைத் தண்டாகச் சுவரோரம் ஏற்றி மாடியில் படரவிட வேண்டும். தொட்டியில் வளர்ப்பது பற்றிப் பலர் கேட்கிறார்கள். வளரும், ஆனால் சோறு போடும் அளவுக்கு வேர் ஓடாது. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

மூன்றடி நீள, அகல, ஆழமுள்ள குழி எடுத்து இரு வாரங்கள் ஆறவிடுங்கள். மேல்மண்ணுடன் மூன்று நான்கு கூடை மக்கிய தொழு உரம், ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்கு, அரைக் கிலோ சூப்பர் பாஸ்பேட் கலந்து குழியை நிரப்பி, ஜூன்-ஜூலையில் நடலாம். தண்ணீர் தேங்கும் மண்ணாக இருந்தால் குழியைச் சுற்றி மேடாக்கி விடுங்கள். ஒரு கொடிக்குப் பத்தடிக்குப் பத்தடி பந்தல் போதும். ஒரு குடும்பத்துக்கு ஒரு கொடியே தாராளம்.

பந்தல் ஏழடி உயரம் இருக்கட்டும். கல்தூணோ இரும்புக் குழாயோ நட்டு, ஒன்றரை அடி இடைவெளியில் கம்பி இழுத்துக் கட்டினால் பல ஆண்டுகள் உழைக்கும். மூங்கில் பந்தல் மலிவுதான். ஆனால் கொடி நன்றாகக் காய்க்கத் தொடங்கும் ஆண்டில் அது சாயத் தொடங்கும்.

நட்ட கொடியில் வலுவான ஒரே தளிரை மட்டும் குச்சி நட்டுக் கட்டி மேலே ஏற்றுங்கள். பக்கத்தில் வரும் கிளைகளை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். பந்தலுக்கு அரையடி கீழே இருக்கும்போது நுனியைக் கிள்ளினால் இரு கிளைகள் புறப்படும். அவற்றை எதிரெதிர்த் திசைகளில் கம்பியோடு சேர்த்துக் கட்டுங்கள். அவையே கொடியின் இரு கைகள். அந்தக் கைகளில் ஓரடிக்கு ஒன்றாகப் பக்கக் குச்சிகளை வளரவிட்டு மற்றவற்றை நீக்கிவிடுங்கள். முதலாண்டு முழுவதும் இந்த வேலைதான். பழத்தை எதிர்பார்க்கக் கூடாது. முதல் காய்ப்பு நட்ட 18 மாதங்களுக்குப் பிறகே.

இருமுறை கவாத்து, ஒரு காய்ப்பு

குளிர் நாடுகளில் திராட்சை பனிக்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும். வசந்தத்தில் தானே விழித்துத் துளிர்க்கும். நம் ஊரில் அதற்கு உறக்கமே இல்லை. ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும். நாம் கத்தரியை எடுத்தால்தான் அது விழிக்கும். பன்னீர் இரகத்தில் ஒவ்வொரு கவாத்திலும் ஒரு காய்ப்பு எடுக்கிறோம். விதையில்லா இரகத்தில் ஆண்டுக்கு இரு கவாத்துகள் வேண்டும், காய்ப்பு ஒன்றுதான். முதல் கவாத்து குச்சி வளர்ப்பதற்கு. இரண்டாவது காய்ப்பதற்கு.

முதலாவது அடிக் கவாத்து. பழம் பறித்து முடித்த பின், மே மாதத்தில் செய்ய வேண்டும். காய்த்து ஓய்ந்த குச்சிகள் அனைத்தையும் அடியில் ஒரு மொட்டோ இரண்டு மொட்டோ மட்டும் இருக்குமாறு வெட்டிவிடுங்கள். கொடி மொட்டையாகத் தெரியும். மனம் தளர வேண்டாம். இரு வாரங்களில் ஏராளமான தளிர்கள் வரும். எல்லாவற்றையும் விட்டுவிடுவதுதான் வீட்டில் நாம் செய்யும் பெருந்தவறு. ஒரு கையில் ஓரடிக்கு இரண்டு தளிர்கள் வீதம் நிறுத்திக்கொண்டு மீதியை இளசாக இருக்கும்போதே ஒடித்துவிடுங்கள். பந்தலின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் அங்கங்கே வானம் தெரிய வேண்டும். தரையில் வெயில் புள்ளிகளாக விழ வேண்டும். அதுதான் அளவு.

நிறுத்திய தளிர் எட்டு இலைகள் விட்டதும் ஏழாவது இலைக்கு மேல் நுனியைக் கிள்ளுங்கள். உடனே பக்கத் தளிர்கள் கிளம்பும். அவற்றில் உச்சியில் உள்ள ஒன்றை மட்டும் வளரவிட்டு, கீழே உள்ளவற்றைக் கிள்ளிவிட வேண்டும். இவ்வாறு வரும் கிளைக்குச்சி ஐந்தாறு இலைகள் விட்டதும் மீண்டும் நுனி கிள்ளலாம். நுனியைக் கிள்ளும்போது வளர்ச்சியின் வேகம் தணிகிறது; மொட்டு திரளுகிறது. கிளைக்குச்சி புறப்படும் முடிச்சையொட்டி உள்ள மொட்டுகளே நன்கு காய்ப்பவை என்பது மகாராஷ்டிர விவசாயிகள் கண்ட அனுபவம். அங்கே காய்ப்புக் கவாத்துக்கு முன் சில குச்சிகளை ஆய்வகத்துக்கு அனுப்பி, மொட்டைப் பிளந்து உள்ளே குலை எந்தக் கணுவில் இருக்கிறது என்று பார்த்த பிறகே கத்தரியை எடுக்கிறார்கள்.

இந்த இரண்டு மாதங்களில் தழைச்சத்தைக் குறைத்து இடுங்கள். நீரையும் மண் காய்ந்த பிறகே பாய்ச்சுங்கள்.

இரண்டாவது காய்ப்புக் கவாத்து. மகாராஷ்டிரத்தில் இதை அக்டோபரில் செய்கிறார்கள். நாமும் அப்படியே செய்தால் இளந்தளிரும் பூவும் வடகிழக்கு மழையில் மாட்டிக்கொள்ளும். அடிச்சாம்பல் நோய் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் கருக்கிவிடும். மழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் பிற்பகுதியில் செய்வதே நமக்கு நல்லது. மிகவும் தள்ளிப்போட்டாலும் தொல்லைதான். பழம் பழுக்கும்போது கோடை மழை பிடித்துக்கொண்டால் பழம் வெடிக்கும்.

கவாத்துக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே தண்ணீரை நிறுத்திவிடுங்கள். நேரான குச்சியானால் எட்டு முதல் பத்து மொட்டுகள் விட்டு வெட்டுங்கள். கிளைக்குச்சி உள்ளதானால் முடிச்சுக்கு மேல் ஒன்றிரண்டு மொட்டுகள் விட்டு வெட்டுங்கள். பழுப்பு நிறமாக முற்றிய, பென்சில் பருமனுள்ள குச்சிக்குத்தான் இந்தக் கணக்கு. பச்சையாகவோ மெலிந்தோ இருக்கும் குச்சி காய்க்காது. அதை ஒரு மொட்டு விட்டு வெட்டி, அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெட்டு வாயில் போர்டோ பசை தடவுங்கள். மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர் என்பது பசைக்கு அளவு.

நீளமாக விட்ட குச்சியில் நுனி மொட்டு மட்டும் துளிர்த்து மற்றவை உறங்கிவிடுவது உண்டு. குச்சியைக் கம்பியோடு கிடையாகப் படுக்கவைத்துக் கட்டினால் ஓரளவு சீராகத் துளிர்க்கும். பெருந்தோட்டங்களில் இதற்காக ஹைட்ரஜன் சயனமைடு என்ற மருந்தைத் தடவுகிறார்கள். அது கொடிய நஞ்சு. தோலில் பட்டாலே புண்ணாகும். குழந்தைகள் விளையாடும் வீட்டுத் தோட்டத்துக்குள் அதைக் கொண்டுவரவே வேண்டாம். ஐந்து குலை குறைந்தால் குறைந்துவிட்டுப் போகிறது.

உரமும் நீரும்

இரு கவாத்துகளின்போதும் அடித்தண்டிலிருந்து இரண்டடி தள்ளி வட்டமாகப் பறித்து இரு கூடை தொழு உரமும் ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்கும் இட்டு மூடுங்கள். சாம்பல் சத்தைக் காய்ப்புக் கவாத்தின்போது பாதியும், 60 நாட்கள் கழித்து மீதியுமாகப் பிரித்து இட வேண்டும். மியூரியேட் ஆஃப் பொட்டாஷைவிடச் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் நல்லது. திராட்சைக்குக் குளோரைடு ஆகாது. குளியலறை நீரை வாழைக்கு விடுவது போல இதற்கு விட்டுவிடாதீர்கள். இலை ஓரம் கருகுவதிலிருந்தே உப்பின் தீங்கை அறியலாம்.

குலையைக் கவனித்தல்

விதையில்லாப் பழத்தில் விதையே உருவாவதில்லை என்று எண்ண வேண்டாம். கருவுறுதல் நடக்கிறது, கரு வளராமல் இடையில் நின்றுவிடுகிறது. பழத்தை ஊன்றிப் பார்த்தால் நடுவில் மெல்லிய எச்சம் தெரியும். காயைப் பருக்க வைக்கும் ஜிப்ரலின் என்னும் வளர்ச்சி ஊக்கி விதையிலிருந்து வருவது. விதை வளராததால் காயும் சிறுத்துவிடுகிறது. கடையில் விற்கும் பெரிய பழங்கள் ஜிப்ரலிக் அமிலக் கரைசலில் குலையை நனைத்து வளர்த்தவை. அந்த அளவைப் பார்த்து உங்கள் வீட்டுப் பழத்தைக் குறைவாக எடைபோடாதீர்கள்.

மருந்தின்றியே காயைப் பெருக்க வழி உண்டு. ஒரு தளிருக்கு ஒரு குலை போதும். மற்றதைப் பூவிலேயே கிள்ளுங்கள். காய்கள் மிளகளவு வந்ததும் குலையின் அடி நுனியில் கால் பாகத்தைக் கத்தரித்து, நெருக்கமான இடங்களில் சில காய்களை நகவெட்டிக் கத்தரியால் நீக்கிவிடுங்கள். வீட்டுப் பெண்மணிகளின் கைக்கு இது நன்றாகப் படிந்துவரும் வேலை. முதல் காய்ப்பில் 15 குலைகளுக்கு மேல் விட வேண்டாம். முதிர்ந்த கொடியில் 40 வரை விடலாம்.

பூச்சியும் நோயும்

அடிச்சாம்பல் நோயும் பறவைக்கண் நோயும் மழைக்காலத்தில் வரும். அடிச்சாம்பல் நோயில் இலையின் மேல் எண்ணெய்ப் புள்ளி போலவும் அடியில் வெண்பூசணமாகவும் தெரியும். ஒரு சதப் போர்டோ கலவை போதும். பிளாஸ்டிக் வாளி ஒன்றில் 100 கிராம் மயில்துத்தத்தை ஐந்து லிட்டர் நீரிலும், மற்றொன்றில் 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை ஐந்து லிட்டர் நீரிலும் கரைத்து வடிகட்டி, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்குங்கள். பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் நனைத்துப் பாருங்கள். செம்பு போலப் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றே தெளித்துவிட வேண்டும். இளந்தளிருக்கு இதில் பாதி வீரியம் போதும். பூவின்போது தெளிக்கக் கூடாது.

குளிர்ந்த இரவும் வறண்ட பகலும் சேர்ந்தால் மேல் சாம்பல் நோய் வரும். நனையும் கந்தகத்தை லிட்டருக்கு மூன்று கிராம் வீதம் காலை வேளையில் தெளிக்கலாம். வெயில் ஏறிய பின் தெளித்தால் இலை கருகும். மாவுப்பூச்சியைக் கட்டுப்படுத்த, கவாத்தின்போது தண்டின் தளர்ந்த பட்டையை உரித்து எரித்துவிடுங்கள். உண்ணி வண்டின் முட்டைகளும் அதனுடன் ஒழியும். எறும்பு ஏறினால் மாவுப்பூச்சி இருக்கிறது என்று பொருள்.

அறுவடை

கவாத்துச் செய்து ஏறத்தாழ நான்கு மாதங்களில் பழம் தயாராகும். பழுக்கத் தொடங்கியதும் குலைகளை வலையால் மூடிவிடுங்கள். கிளிக்கும் வௌவாலுக்கும் நம்மைவிட முன்னதாகவே சேதி போய்விடும். பறிப்பதற்கு ஒரு வாரம் முன் நீரை நிறுத்த வேண்டும். மாம்பழத்தைப் போலத் திராட்சை பறித்த பின் பழுக்காது. புளிப்பாகப் பறித்தது புளிப்பாகவே இருக்கும். பச்சை நிறம் மாறி வெளிறிய பொன்னிறம் வந்த பிறகு, குலையின் கடைசி நுனியிலுள்ள ஒரு பழத்தைச் சுவைத்துப் பாருங்கள். கடைசியாக இனிப்பேறுவது அதுதான். அது இனித்தால் காம்புடன் கத்தரித்து எடுக்கலாம். நல்ல கொடி எட்டுப் பத்துக் கிலோ தரும். கடைசிக் குலையைப் பறித்த பிறகு ஒரு நீர் பாய்ச்சி, பதினைந்து நாட்கள் ஓய்வு கொடுத்து, அடிக் கவாத்துக்குக் கத்தரியைத் தீட்டிக்கொள்ளுங்கள்.